அமெரிக்கச் சேலத்தில் நான்கு நாள்: எப்போது போவது, எதைப் பார்ப்பது?

தகடூர் வாத்தியார் (தர்மபுரி)

அனைவருக்கும் வணக்கம். தர்மபுரியில் அரசுப் பள்ளியில் புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் மகளும் மருமகனும் பாஸ்டனுக்கு மேற்கே ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் குடியிருக்கிறார்கள். எனக்கும் என் மனைவிக்கும் சென்னைத் துணைத் தூதரகத்தில் விசா கிடைத்துவிட்டது. மூன்று மாதம் அவர்களோடு தங்கப் போகிறோம். அந்த மூன்று மாதத்தில் நான்கு நாள்களை மட்டும் என் விருப்பப்படி திட்டமிட்டுக்கொள்ள மகள் அனுமதி கொடுத்திருக்கிறாள். அந்த நான்கு நாளையும் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் என்ற பழைய துறைமுக நகரில் கழிக்க வேண்டும் என்பது என் ஆசை.

காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். தர்மபுரி தனி மாவட்டமானது 1965-இல்தான். அதற்கு முன்பே பிறந்துவிட்டதால் என் பிறப்புச் சான்றிதழில் ‘சேலம் ஜில்லா’ என்றுதான் இருக்கிறது; அப்பாவின் நிலப் பத்திரங்களிலும் அப்படியே. வகுப்பில் வட அமெரிக்க வரைபடத்தைத் தொங்கவிட்ட நாளிலெல்லாம், பாஸ்டனுக்குச் சற்று மேலே கடலோரமாகச் சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும் அந்தப் பெயரைக் குச்சியால் தொட்டுக் காட்டாமல் நான் பாடத்தை முடித்ததில்லை. ‘சார், அங்கேயும் மாம்பழம் விளையுமா?’ என்று ஒரு பையனாவது கேட்டுவிடுவான்.

என் ஐயங்களைச் சொல்கிறேன். மருமகன் அக்டோபரில் விடுப்பு எடுக்கிறேன் என்கிறார். அது இலைகள் நிறம் மாறும் காலமாம், சேலத்தில் சூனியக்காரி வேடமிட்டு மாதம் முழுவதும் கொண்டாட்டமாம். எனக்கோ அந்த ஊரின் கப்பல் வாணிகத்தில்தான் ஆர்வம். அதற்கான தடயங்கள் அங்கே இன்னும் மிஞ்சியிருக்கின்றனவா, அல்லது 1692-ஆம் ஆண்டுச் சூனியக்காரி விசாரணையை வைத்துப் பிழைக்கும் ஊராகவே அது மாறிவிட்டதா? என் மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. ஒரு ஃபர்லாங் நடந்தால் சற்று நேரம் உட்கார வேண்டும். அவர் சைவம் மட்டுமே உண்பவர். பதினோரு வயதுப் பேத்தியும் எங்களோடு வருவாள். வேலை நாள்களில் காரை எதிர்பார்க்க முடியாது என்பதால் ரயிலிலோ படகிலோ போய்வர வழி இருந்தால் சொல்லுங்கள். கடைசியாக ஒன்று: அக்டோபரை விட்டுவிட்டு ஜூனில் புறப்பட நேர்ந்தால், கிருஷ்ணகிரிச் செந்தூரா மாம்பழம் ஒரு பெட்டி கொண்டுபோகலாமா?

பாரூர் ஏரிக்கரை (இப்போது பாஸ்டன் அருகே)

ஐயா, வணக்கம். என் சொந்த ஊர் பாரூர். ஒன்பது ஆண்டுகளாகப் பாஸ்டனுக்கு வடக்கே வசிக்கிறேன். ஊரிலிருந்து வரும் உறவினர்களைச் சேலத்துக்கு அழைத்துப் போவது எனக்கு ஏறக்குறைய இன்னொரு வேலையாகவே ஆகிவிட்டது.

அக்டோபர் வேண்டவே வேண்டாம். மக்கள்தொகை 45,000-ஐக்கூட எட்டாத ஊருக்கு அந்த ஒரு மாதத்தில் லட்சக்கணக்கானவர்கள் வந்து இறங்குகிறார்கள். ஆடிப் பெருக்கன்று ஒகேனக்கல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு நாளை முப்பது நாளாக நீட்டி, எல்லாருக்கும் கறுப்புத் தொப்பி மாட்டிவிட்டால் அக்டோபர்ச் சேலம் கண்ணுக்குத் தெரியும். இலை நிறம் மாறுவதைப் பார்க்க இந்த மாநிலத்தில் எந்தக் காட்டுச் சாலைக்கும் போகலாம். கப்பல் வாணிகத்தைப் பார்க்க விரும்புகிறவருக்கு ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரைதான் சரியான காலம். ஜூனில் இரவு எட்டேகால் மணிக்கு மேல்தான் பொழுது சாய்கிறது. பகலில் வெயில் நம் ஊர்த் தை மாதத்து வெயிலைப் போல இதமாக இருக்கும். ஆனால் கடற்கரையில் காற்று எழும்பிவிட்டால் ஒரு ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது. பேத்தி கடலில் இறங்க ஆசைப்படுவாள். இறங்கட்டும், இரண்டே நிமிடத்தில் அவளாகவே ஏறிவிடுவாள். ஜூலையிலும் அந்தத் தண்ணீரில் கால் விறைத்துவிடும்.

கார் இல்லாமல் தாராளமாகப் போகலாம், ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ஃபிரேமிங்ஹாமிலிருந்து வரும் புறநகர் ரயில் பாஸ்டனில் சவுத் ஸ்டேஷனில் போய் நிற்கும். சேலம் செல்லும் ரயில் நார்த் ஸ்டேஷனிலிருந்து புறப்படும். இரண்டுக்கும் இடையே நேரடித் தண்டவாளம் கிடையாது. புதிதாக வருபவர்கள் சவுத் ஸ்டேஷன் வரை போய் இறங்கிவிட்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு வழி தேடி அலைவதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அதற்கு முன்பே பேக் பே நிலையத்தில் இறங்கி, அங்கேயே கீழே ஓடும் ஆரஞ்சு வழித்தடச் சுரங்க ரயிலைப் பிடித்தால் அது நார்த் ஸ்டேஷனில் கொண்டுவிடும். அங்கிருந்து சேலம் அரை மணி நேரப் பயணம்தான். ரயிலில் போய், திரும்பும்போது படகில் வருவது என் வழக்கம். கோடைக் காலத்தில் மட்டும் ஓடும் அந்தப் படகு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பாஸ்டன் துறைமுகத்தில் சேர்த்துவிடும். மாலை வெயிலில் பாஸ்டனின் உயர்ந்த கட்டடங்கள் கடலிலிருந்து ஒவ்வொன்றாக மேலெழுவதைப் பார்ப்பதற்கே அந்தக் கட்டணத்தைக் கொடுக்கலாம். காற்று பலமாக இருந்தால் படகை நிறுத்திவிடுவார்கள் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் முழங்காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர் சிறியது, தூரங்கள் குறைவு. ஆனால் பழைய தெருக்களின் நடைபாதைகள் செங்கல் பாவியவை. மரவேர்கள் செங்கற்களைத் தூக்கிவிட்டிருப்பதால் பாதை மேடும் பள்ளமுமாக இருக்கும். மெத்தென்ற அடிப்பாகம் உள்ள காலணி போட்டு வரச் சொல்லுங்கள். பட்டுப்புடவைக்கு அது பொருந்தாது என்று அவர் சொன்னாலும் கேட்க வேண்டாம். கோடையில் ஊரைச் சுற்றி வரும் டிராலி வண்டி ஒன்று உண்டு. முதல் நாள் அதில் ஒரு சுற்று வந்துவிட்டால், எந்த இடத்தில் இறங்கி நடப்பது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

டெர்பி வார்ஃப் என்ற பழைய துறைமேடை கடலுக்குள் ஏறக்குறைய அரை மைல் நீண்டு கிடக்கிறது. அதன் நுனியில் 1871-இல் கட்டிய ஒரு குட்டிக் கலங்கரை விளக்கம் இருக்கிறது. அம்மா அதுவரை நடக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் உட்கார்ந்துகொண்டாலே கடலும் கப்பலும் நன்றாகத் தெரியும். ஒரே இடத்தைக் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் பார்க்கும்படி நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் கடல் மட்டம் ஏறக்குறைய ஒன்பது அடி மாறுகிறது. காலையில் மேடையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்த தண்ணீர் பிற்பகலில் கீழே இறங்கி, பச்சைப் பாசி படிந்த கருங்கல் அடுக்குகளும் சேறும் வெளியே தெரியும். மெரீனாவில் கடலைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதுமை. புவியியல் வாத்தியாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. பீட்சா, பாஸ்தா, தாய்லாந்துச் சோறு எல்லாம் கிடைக்கும். அந்தப் பக்கத்தின் பெயர்பெற்ற சவுடர் சூப்பை மட்டும், பால் சூப் என்று நினைத்து அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அதில் சிப்பி இறைச்சியும், பெரும்பாலும் பன்றிக் கொழுப்பும் இருக்கும். விலைப்பட்டியலில் காணும் தொகையோடு வரியும், பரிமாறியவருக்கு 18 முதல் 20 சதவீதம் அன்பளிப்பும் சேரும் என்பதால் கணக்கை அதற்கேற்பப் போட்டுக்கொள்ளுங்கள்.

மாம்பழம் கூடாது ஐயா. பயணிகள் கையில் கொண்டுவரும் பழங்களை விமான நிலையத்திலேயே பறித்துவிடுவார்கள். சொல்லாமல் மறைத்துக் கொண்டுவந்தால் அபராதமும் உண்டு. இந்திய மாம்பழம் 2007 முதல் அமெரிக்காவுக்கு வருகிறது என்பது உண்மைதான், ஆனால் அது கதிர்வீச்சுக்கு உட்படுத்திச் சரக்காக அனுப்பப்படுவது. கிருஷ்ணகிரித் தொழிற்சாலைகளில் டப்பாவில் அடைத்த மாங்கூழையும், கடையில் மூடி ஒட்டிய பாக்கெட்டில் கிடைக்கும் ஊறுகாயையும், கேழ்வரகு மாவையும் கொண்டுவாருங்கள். சுங்கத்தில் உணவுப் பொருள் உண்டு என்று அறிவித்துவிடுங்கள். கேட்டால் எடுத்துக் காட்டுங்கள், அவ்வளவுதான்.

பாராமகால் ஏடு (கிருஷ்ணகிரி)

வாத்தியார் ஐயாவின் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன். கப்பல் வாணிகத்தின் தடயம் மிஞ்சியிருக்கிறதா என்று கேட்டீர்கள். நம் மதராஸ் கரையோடு அந்த ஊருக்கு இருந்த தொடர்பைத் தெரிந்துகொண்டு போனால், நான்கு நாள் உங்களுக்குப் போதாது.

பெயரிலிருந்து தொடங்குகிறேன். அந்தச் சேலத்துக்கும் நம் சேலத்துக்கும் பெயரளவில் உறவில்லை. அது எபிரேய மொழியின் ‘ஷாலோம்’, அதாவது சமாதானம் என்ற சொல்லிலிருந்து 1629-இல் வைக்கப்பட்ட பெயர். சமாதானம் என்று பெயர் வைத்த ஊரில்தான் அறுபத்து மூன்று ஆண்டுகள் கழித்துச் சூனியம் செய்ததாகப் பழி சுமத்தி 19 பேரைத் தூக்கிலிட்டு, ஒருவரைக் கல்லடுக்கி நசுக்கிக் கொன்றார்கள்.

அமெரிக்கா விடுதலை பெற்றபின் அந்நாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்த முதல் கப்பல், 1784 டிசம்பரில் நம் புதுச்சேரியில்தான் நங்கூரமிட்டது. அது பிலடெல்ஃபியாக் கப்பல். ஆனால் அடுத்த இருபது ஆண்டுகளில் கிழக்கிந்திய வாணிகத்தில் பெரும்பங்கைச் சேலத்து மாலுமிகள் கைப்பற்றிக்கொண்டார்கள். 1790-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்த ஊரில் 8,000 பேருக்கும் சற்றுக் குறைவாகவே இருந்தார்கள். அத்தனை சிறிய ஊரின் கப்பல்கள் மதராஸ், கல்கத்தா, பம்பாய், சுமத்ரா, காண்டன் என்று சுற்றிவந்தன. மிளகு அவர்களுடைய பெருஞ்செல்வம். ஜானதன் கார்ன்ஸ் என்ற கப்பல் தலைவர் சுமத்ராவிலிருந்து ‘ராஜா’ என்ற கப்பல் நிறைய மிளகைக் கொண்டுவந்து, போட்ட பணத்தைப் போல் ஏழு மடங்கு லாபம் பார்த்தார் என்பது அங்கே எல்லாரும் சொல்லும் கதை. மிளகு மணத்தைத் தொடர்ந்து வந்த யவனக் கப்பல்களைச் சங்கப் பாட்டில் படித்த நமக்கு, அதே ஆசை வேறொரு நூற்றாண்டில் வேறொரு கரையில் எழுந்ததைப் பார்ப்பது தனிச் சுவை.

நம் பக்கத்திலிருந்து அவர்கள் கொண்டுபோனது பருத்தித் துணி. கட்டம் போட்ட கைக்குட்டைகளும் துணிகளும் ‘மெட்ராஸ்’ என்ற பெயரிலேயே அங்கே விற்றன. இன்றும் அந்த வட்டாரத்துப் பணக்கார வீட்டு ஆண்கள் கோடையில் போட்டுக்கொள்ளும் கட்டம்போட்ட கால்சட்டைத் துணிக்கு அதுவே பெயர். பர்கூர் ஜவுளிக் கடைகளில் லுங்கிக்கு எடுக்கும் துணியை அங்கே என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து எங்களுக்கும் சொல்லுங்கள்.

எனக்கு மிகவும் நெருக்கமான செய்தி வேறொன்று. சேலத்தில் வில்லியம் பென்ட்லி என்ற பாதிரியார் நாள்தோறும் நாட்குறிப்பு எழுதியவர். 1790 டிசம்பர் 29 அன்று, மதராஸிலிருந்து வந்த இந்தியர் ஒருவரைத் தாம் முதன்முறையாகப் பார்த்ததாக அவர் எழுதியிருக்கிறார். மிகக் கருத்த நிறம், நீண்ட கருங்கூந்தல், மென்மையான முகம், நல்ல உயரம் என்று வர்ணிக்கிறார். கிபாட் என்ற கப்பல் தலைவரோடு வந்தவர் என்றும் குறிக்கிறார். பெயரை எழுதவில்லை. அமெரிக்க மண்ணில் கால்வைத்த இந்தியர்களைப் பற்றிய மிகப் பழைய பதிவுகளில் ஒன்று இது. அந்தப் பெயரில்லாத மனிதர் டிசம்பர்ப் பனியில் நடந்தபோது, இங்கே நம் பாராமகால், அதாவது இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம், திப்புவின் ஆட்சியில் இருந்தது. மூன்றாம் மைசூர்ப் போர் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் ஆங்கிலேயத் தளபதி மேக்ஸ்வெல்லின் படை கிருஷ்ணகிரி மலைக்கோட்டையில் ஏற முயன்று தோற்றுத் திரும்பியது. அந்தப் போரை நடத்திய கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ், பத்தே ஆண்டுகளுக்கு முன் யார்க்டவுனில் அமெரிக்கர்களிடம் சரணடைந்தவர். அங்கே இழந்தவரிடம் இங்கே 1792-இல் நம் மண் போய்ச் சேர்ந்தது.

பார்க்க வேண்டிய இடங்களுக்கு வருகிறேன். துறைமேடைக்கு எதிரே 1819-இல் கட்டிய சுங்க மாளிகை நிற்கிறது. கூரையில் பொன்முலாம் பூசிய கழுகு சிறகை விரித்திருக்கும். அதற்குப் பின்னால் 1829-இல் கட்டிய எடைக்கூடம் உண்டு. வந்திறங்கிய சரக்கை நிறுத்து வரி விதித்த பெரிய தராசுகளை அங்கே பார்க்கலாம். மாளிகைகளைவிட அந்தத் தராசுகளில்தான் வாணிகம் எனக்குத் தெரிகிறது. புகழ்பெற்ற நாவலாசிரியர் நதானியல் ஹாத்தார்ன் 1846 முதல் 1849 வரை இந்தச் சுங்க மாளிகையில்தான் வேலை பார்த்தார். துறையில் கட்டியிருக்கும் ‘ஃபிரெண்ட்ஷிப்’ என்ற மூன்று பாய்மரக் கப்பல், 1797-இல் கட்டப்பட்டு 1812-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் மோதிய போரில் ஆங்கிலேயர் பிடித்துக்கொண்ட கப்பலின் மறு உருவம். இந்த வளாகம் முழுவதும் தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் உள்ளது. அந்த நாட்டில் தேசிய வரலாற்றுத் தலமாக முதன்முதலில் 1938-இல் அறிவிக்கப்பட்ட இடம் இதுவே.

அடுத்து, பீபடி எசெக்ஸ் அருங்காட்சியகம். இதற்கு ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும். ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையையோ தென் அமெரிக்காவின் ஹார்ன் முனையையோ தாண்டிக் கடலோடியவர்கள் மட்டுமே சேரக்கூடிய ஒரு சங்கத்தைச் சேலத்துக் கப்பல் தலைவர்கள் 1799-இல் தொடங்கினார்கள். போகும் நாடுகளிலிருந்து அரிய பொருள்களைக் கொண்டுவந்து சங்கத்துக்குக் கொடுத்தார்கள். அந்தச் சேகரிப்பு வளர்ந்துதான் இந்த அருங்காட்சியகம் ஆனது. 1825-இல் அவர்கள் கட்டிய மண்டபம் இன்றும் அதன் நடுவே இருக்கிறது. அமெரிக்க வணிகர்களோடு தொழில் செய்த வங்காளத் தரகர்களின் ஆளுயர மண் உருவங்கள் இதன் சேகரிப்பில் உள்ளன. சீனாவிலிருந்து கல்லும் மரமுமாகப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் நிறுத்திய பழைய வீடு ஒன்றும் இருக்கிறது. சிமென்ட் வீட்டில் பிறந்த பேத்திக்கு முற்றம் வைத்த வீடு எப்படி இருக்கும் என்று அங்கே காட்டலாம். பென்னாகரத்துக்கு அழைத்துவந்து காட்டுவதுதான் சரி, ஆனாலும் அங்கும் பார்க்கட்டும்.

யானைக் கதையையும் அவளுக்குச் சொல்லுங்கள். அமெரிக்காவுக்குப் போன முதல் யானை 1796-இல் வங்காளத்திலிருந்து நியூயார்க்கில் இறங்கியது. கொண்டுபோனவர் சேலத்துக் கப்பல் தலைவர் ஜேக்கப் கிரவுனின்ஷீல்ட். 450 டாலருக்கு வாங்கிய குட்டியை 10,000 டாலருக்கு விற்றதாகச் சொல்வார்கள். ராகி விளையும் நாள்களில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் வந்து நிற்கும் கூட்டத்தில் ஒரு குட்டியை அந்த விலைக்குக் கேட்டிருந்தால் நம் விவசாயிகள் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள்.

ஓசூர் மலர்

ஐயா, முன்னவர் சொன்ன வரலாறு அத்தனையும் அருமை. ஆனால் பதினோரு வயதுக் குழந்தையோடும் முழங்கால் வலியுள்ள அம்மாவோடும் போகிறீர்கள் என்பதை அவர் சற்று மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். என் மாமனார் மாமியாரையும் மகளையும் அழைத்துக்கொண்டு நாங்கள் போனது ஓர் அக்டோபர்ச் சனிக்கிழமை. காலை பத்து மணிக்கே கார் நிறுத்த இடமில்லை. ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு அடுத்த ஊரில் நிறுத்தி ரயிலில் வந்தோம். கழிவறைக்கு நாற்பது நிமிடம் வரிசையில் நின்ற மாமியார், அன்று முழுவதும் தண்ணீர் குடிக்க மறுத்துவிட்டார். அந்த நாளில் நாங்கள் எதையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. மறு ஆண்டு ஜூனில் போனபோதுதான் அது கடலோர ஊர் என்பதே எங்களுக்குத் தெரிந்தது.

தங்கும் இடம் பிடிக்கும்போது கவனமாக இருங்கள். அந்த ஊரின் அழகே இருநூறு ஆண்டுப் பழைய வீடுகள்தான்; அவற்றில் சிலவற்றைத் தங்கும் விடுதிகளாக நடத்துகிறார்கள். நாங்கள் பதிவு செய்த விடுதியின் படங்களில் சரிகைத் திரையும் பித்தளைக் கட்டிலும் இருந்தன. படிக்கட்டு மட்டும் எந்தப் படத்திலும் இல்லை. போய்ப் பார்த்தால் எங்கள் அறை மூன்றாம் தளத்தில். ஏணியைப் போல் செங்குத்தான மரப்படி, லிஃப்ட் கிடையாது. மாமியார் இரண்டு படிக்கு ஒருமுறை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று ஏறியதை இப்போது நினைத்தாலும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. தரைத்தள அறை என்றோ லிஃப்ட் உண்டு என்றோ எழுத்தில் உறுதி பெற்ற பிறகே பணம் கட்டுங்கள். ‘ஏழு முகடு வீடு’ என்று அழைக்கப்படும் 1668-ஆம் ஆண்டு மாளிகையிலும் இதே சிக்கல்தான். புகைபோக்கியை ஒட்டி ஒரு குறுகிய ரகசியப் படிக்கட்டு இருக்கிறது. குழந்தைகளுக்கு அது கொண்டாட்டம். அம்மா கடலைப் பார்த்த தோட்டத்தில் உட்கார்ந்துகொள்ளட்டும், நீங்களும் பேத்தியும் உள்ளே போய்வாருங்கள்.

சூனியக்காரி விசாரணையை முற்றிலும் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் வேண்டாம். ஆனால் மெழுகு பொம்மையும் அலறல் ஒலியும் வைத்துக் கட்டணம் வாங்கும் கூடங்களுக்குப் போக வேண்டாம் என்பது என் கருத்து. என் மகள் அன்றிரவு தூங்கவில்லை. அதற்குப் பதில், பழைய கல்லறைத் தோட்டத்தை ஒட்டி 1992-இல் அமைத்த நினைவிடத்துக்குப் போங்கள், கட்டணம் இல்லை. மூன்று பக்கமும் தாழ்வான கற்சுவர், அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இருபது கல் இருக்கைகள். ஒவ்வோர் இருக்கையிலும் ஒரு பெயர், இறந்த நாள், இறந்த விதம். யாரோ வைத்துவிட்டுப் போன பூக்களும் சில்லறைக் காசுகளும் மேலே கிடக்கும். அங்கே யாரும் எரிக்கப்படவில்லை, தூக்கிலிடப்பட்டார்கள் என்பதையும் பேத்திக்குச் சொல்லிவிடுங்கள்; பிள்ளைகள் திரைப்படத்தைப் பார்த்துவிட்டு எரித்ததாகவே நினைத்துக்கொள்கிறார்கள். தண்டிக்கப்பட்டவர்களில் பழி நீங்காமல் இருந்த கடைசிப் பெண் எலிசபெத் ஜான்சன். 2022-இல்தான் மாநிலச் சட்டமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று அறிவித்தது. அதற்காக முயன்றவர்கள் பக்கத்து ஊர் ஒன்றின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் அவர்களுடைய ஆசிரியையும். ஆசிரியராக இருந்த உங்களுக்கு இது பிடிக்கும்.

மொரப்பூர் ரயிலடி

சுருக்கமாக ஒரு மாற்றுக் கருத்து. நான்கு இரவும் சேலத்தில் தங்குவது வீண் செலவு. இரண்டு இரவு போதும். மூன்றாம் நாள் அதே ரயில் பாதையில் மேலும் வடக்கே குளோஸ்டர் போகலாம். பழைய மீன்பிடித் துறைமுகம், அங்கிருந்து திமிங்கிலம் பார்க்கப் படகு விடுகிறார்கள். படகு ஆடும், வயிறு புரட்டாமல் இருக்க மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். அந்த ஊரின் ஆனிஸ்குவாம் பகுதியிலும், பிறகு சேலத்திலும் விவேகானந்தர் 1893 ஆகஸ்ட் இறுதியில் பேசியிருக்கிறார். சிகாகோ சொற்பொழிவு அதற்குப் பிறகு செப்டம்பர் 11-இல்தான். சேலத்தில் கேட் டானட் வுட்ஸ் என்ற எழுத்தாளரின் வீட்டில் அவர் தங்கியிருந்தார். திரும்பிவந்து 1897-இல் சென்னைக் கடற்கரையில் அவர் தங்கிய கட்டடம் ஐஸ் ஹவுஸ். அது பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டியது. ஏரியில் வெட்டிய பனியை மரத்தூளில் பொதிந்து நான்கு மாதம் கடலில் கொண்டுவந்து விற்றிருக்கிறார்கள்.

இன்னொன்று. உங்கள் மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, ஆஷ்லாந்தில் லட்சுமி கோயில் இருக்கிறது. நம் முறைப்படி கோபுரம் வைத்துக் கட்டிய கோயில். அம்மா அங்கே போனால் நம் பக்கத்து ஆட்கள் நாலு பேரையாவது பார்ப்பார்.

தகடூர் வாத்தியார் (தர்மபுரி)

நால்வருக்கும் நன்றி. தம்பி பாரூர் எழுதியதை மருமகனுக்குப் படித்துக் காட்டினேன். ஒகேனக்கல் உவமையைக் கேட்டதும் அவரே அக்டோபரைக் கைவிட்டுவிட்டார். ஜூன் இரண்டாம் வாரம் பெங்களூருவிலிருந்து புறப்படுவதென முடிவாகியிருக்கிறது. கிருஷ்ணகிரி வழியாகப் போனால் எங்களுக்குச் சென்னையைவிட அதுவே பக்கம்.

மொரப்பூர்க்காரர் சொன்னபடி சேலத்தில் இரண்டு இரவு மட்டும். முதல் நாள் பேக் பே வழியாக ரயிலில் போய், டிராலியில் ஒரு சுற்று, மாலையில் துறைமேடை. இரண்டாம் நாள் முழுவதும் அருங்காட்சியகம். பதினாறு வயதுவரை உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை என்று பேத்தி கண்டுபிடித்துச் சொன்னாள், வாரத்தில் சில நாள் மூடியிருக்கும் என்பதையும் அவளே சொன்னாள். மூன்றாம் நாள் காலை நினைவிடம், எடைக்கூடம், பிறகு படகில் பாஸ்டன். நான்காம் நாளைக் குளோஸ்டருக்கு வைத்திருக்கிறேன், ஆனால் ஆடும் படகு என்றதும் என் மனைவி அந்த நாளை ஆஷ்லாந்துக் கோயிலுக்கு மாற்றச் சொல்கிறார். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. தங்குமிடத்தைப் பொறுத்தவரை, ஓசூர் மலர் அம்மா எழுதியபடி லிஃப்ட் உண்டா என்று மகளை மின்னஞ்சலில் கேட்கச் சொன்னேன். முதலில் கேட்ட இடத்திலிருந்து ‘பதினேழு படிகள் மட்டுமே’ என்று பதில் வந்தது. வேறிடம் பார்க்கிறோம்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். வீட்டில் போட்ட ஆவக்காய் ஊறுகாயைச் சீசாவில் அடைத்துக் கொண்டுவரலாமா, அல்லது கடைப் பாக்கெட்தான் வேண்டுமா? கேட்கச் சொன்னது என் மனைவி.

பாரூர் ஏரிக்கரை (இப்போது பாஸ்டன் அருகே)

அம்மாவிடம் சொல்லுங்கள் ஐயா: ஊறுகாயைத் தடை செய்ய அவர்களுக்குக் காரணம் இல்லை, ஆனால் பெயர்ச்சீட்டு இல்லாத சீசாவைத் திறந்து பார்க்கும் அதிகாரிக்கு ஆவக்காய் என்றால் என்னவென்று நீங்கள் விளக்க வேண்டியிருக்கும். பத்தொன்பது, இருபது மணி நேரப் பயணத்துக்குப் பிறகு அந்த வகுப்பை நடத்தத் தெம்பு இருக்காது. எண்ணெய் கசிந்தால் பெட்டியில் உள்ள புடவைகளும் போய்விடும். கடைப் பாக்கெட்டையே கொண்டுவாருங்கள், சுங்கத்தில் அறிவித்துவிடுங்கள். கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் வையுங்கள். ஸ்வெட்டரை மட்டும் கைப்பையில்.